கம்ப்ரஷன் குறைந்தால் ரிங்கை மட்டும் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைப் பராமரிப்பது பற்றித் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வந்த கட்டுரையில், அம்பாசடர் போன்ற வண்டிகளில் இழுவை போய்க் கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) குறைந்துவிட்டால் போர் அடித்து (சிலிண்டர் துளையைக் கடைந்து) பிஸ்டனையும் அதைச் சுற்றியுள்ள ரிங்கையும் மாற்றுவதே வழி என்றும், அதற்கும் சரிவராவிட்டால் வேறு எஞ்சினைப் பொருத்திக்கொள்ளலாம் என்றும் எழுதப்பட்டிருந்தது. இந்த எஞ்சின்களைப் பிரித்துக் கோப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அந்த முடிவுக்கு வருமுன் பார்த்தே ஆகவேண்டிய வால்வு டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்) பற்றி அக்கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் வால்வுகளை இயக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் (சுருக்கமாகக் கேம்), சிலிண்டர்கள் உள்ள பிளாக்கின் உள்ளேயே இருக்கிறது. டைமிங் செயின் அதைக் கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டின்) பாதி வேகத்தில் சுழற்ற, புஷ் ராடு என்னும் தள்ளுகம்பியும் ராக்கர் என்னும் நெம்புகோலும் வால்வுகளைத் திறந்து மூடுகின்றன. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலேறத் தொடங்கிய பிறகுதான், பெட்ரோல்-காற்றுக் கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வு மூடும். அது வடிவமைப்பிலேயே உள்ளது. ஆனால் கேம் பின்தங்கிவிட்டால் இந்த மூடுதல் மேலும் தாமதமாகி, உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கைப் பிஸ்டனே கார்புரேட்டர் பக்கம் திருப்பித் தள்ளிவிடுகிறது. வண்டி முதல் கியரில் திணறும், காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாது, கேஜ் வைத்துப் பார்த்தால் கம்ப்ரஷன் குறைவாகக் காட்டும். ரிங் தேய்மானமானால் பெரும்பாலும் சிலிண்டருக்குச் சிலிண்டர் அளவு வேறுபடும். பிளக் துளை வழியே சிறிது எண்ணெய் விட்டுப் பார்த்தால் நன்றாக ஏறவும் செய்யும். நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவாகக் குறைந்து, எண்ணெய் விட்டும் பெரிதாக ஏறவில்லை என்றால், போர் அடிக்கும் செலவில் இறங்குமுன் அந்தச் செயினை மூடியுள்ள டைமிங் கவரைத் திறந்து பார்ப்பதே நியாயம்.

செயின் ஓடும் கிராங்க், கேம் பல்சக்கரங்கள் இரண்டிலும் உள்ள புள்ளிகள் நேருக்கு நேர் நின்றுவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். புதிதாக வந்த காலத்துக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். இன்று நம் கைக்கு வரும் எஞ்சினிலோ கேம் ஒருமுறை கிரைண்டிங் செய்யப்பட்டிருக்கும், பல்சக்கரம் வேறொரு தயாரிப்பாக இருக்கும், செயின் நீண்டிருக்கும், பல்சக்கரத்தைத் தண்டில் நழுவாமல் பிடிக்கும் சாவி (இரும்புத் துண்டு) அதன் பள்ளத்தில் ஆடும். நாற்பது பற்கள் கொண்ட கேம் சக்கரத்தில் ஒரு பல் தவறினால் கேமில் 9 பாகை, கிராங்கில் 18 பாகை பிசகும். அவ்வளவு பெரிய பிசகு எப்படியும் வெளியே தெரிந்துவிடும்; ஐந்தாறு பாகைப் பிசகுதான் ஆண்டுக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் கிடந்து, நல்ல எஞ்சினுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறது.

அளப்பதற்குத் தேவைப்படுபவை கிராங்கில் பொருத்தும், பாகைகள் குறித்த ஒரு தட்டும், நுண்ணிய அசைவைக் காட்டும் ஒரு டயல் கேஜும்தான். முதலில் முதல் சிலிண்டரின் உச்சநிலையை (பிஸ்டன் மிக மேலே நிற்கும் இடத்தை) துல்லியமாகக் கண்டாக வேண்டும். உச்சத்தில் கிராங்க் சில பாகைகள் திரும்பினாலும் பிஸ்டன் அசைவதே தெரியாது என்பதால் கண்ணை நம்பக் கூடாது. ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) கழற்றியிருக்கும்போது துளையின் குறுக்கே ஓர் இரும்புப் பட்டையை முடுக்கி, பிஸ்டன் உச்சத்துக்குச் சற்று முன்பே முட்டி நிற்கும்படி அதில் ஒரு போல்ட்டை இறக்க வேண்டும். கிராங்கைக் கையால் ஒருபுறம் முட்டும்வரை திருப்பித் தட்டில் குறித்து, மறுபுறமும் அவ்வாறே குறித்தால், இரண்டு குறிகளுக்கும் நடுவே இருப்பதுதான் உண்மையான உச்சநிலை. பட்டையை எடுத்துவிட்டு, இன்லெட் புஷ் ராடின் மேல் டயல் கேஜை நிறுத்தி, அதன் உச்ச ஏற்றத்துக்கு இருபுறமும் சம உயரமுள்ள இரு இடங்களைக் குறித்து, அவற்றின் நடுவை எடுக்க வேண்டும். உச்சநிலைக்கு 5 பாகை முன் திறந்து, அடிமட்டத்துக்கு 45 பாகை பின் மூடும் கேமுக்கு இந்த நடு, உச்சநிலைக்குப் பின் 110 பாகையில் விழவேண்டும். தங்கள் எஞ்சினுக்குரிய எண்களை அதன் பட்டறைக் கையேட்டிலிருந்தே எடுக்க வேண்டும். கேமை அளக்கும்போது கிராங்கை ஓடும் திசையில் மட்டுமே திருப்ப வேண்டும். தாண்டிப் போய்விட்டால் நன்றாகப் பின்னுக்குக் கொண்டுபோய் மறுபடி வரவேண்டும். இல்லையென்றால் செயினின் தொய்வும் கணக்கில் சேர்ந்துவிடும். பிசகு தெரிந்தால், படி வைத்த சாவியை (பல்சக்கரத்தைச் சற்றே திருப்பி நிறுத்தும் சாவியை) போட்டு அதைச் சரிசெய்யலாம்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி ‘டைமிங் வைத்துவிட்டேன்’ என்பவர்களும் உண்டு. அது தீப்பொறியின் நேரத்தை மட்டுமே மாற்றும். வால்வுகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஹெட்டைச் சீவினால் டைமிங் மாறும் என்ற அச்சமும் கேம் ஹெட்டின் மேல் இருக்கும் எஞ்சின்களுக்கே பொருந்தும், இதற்கு அல்ல.

மெட்டடார் வேனின் டீசல் எஞ்சினைப் பொருத்துவதற்காக எத்தனையோ அம்பாசடர்களின் அசல் எஞ்சின்கள் பழைய இரும்பு விலைக்குப் போயின. அவற்றில் பல அரை நாள் அளவெடுப்பில் பிழைத்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே அக்கட்டுரையின் அடுத்த பகுதியிலாவது இந்தச் சோதனையையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கவரை மூடுமுன் எஞ்சினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, எங்கும் தட்டவில்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பதையும் வாசகர்களுக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் மெக்கானிக் ஒருவர்,
கோயம்புத்தூர்