பிள்ளைகளின் பெயரை ஊர்ச் சபையில் வாசியுங்கள்: முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கு,

வணக்கம்.

நான் ஓர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் உங்கள் பொறுப்பில் இருக்கும் பள்ளிகளுக்காக ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ஆகிய இரண்டு நாளும் கூடும் கிராம சபையில், அந்த ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சாதித்ததை ஊரார் முன்னால் பெயர் சொல்லி வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். கால் மணி நேரம் போதும். ஏன் கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மே மாதம் பொதுத்தேர்வு முடிவு வந்த கையோடு பேருந்து நிறுத்தங்களில் தனியார் பள்ளிகளின் ஃப்ளெக்ஸ் ஏறிவிடும். பிள்ளைகளின் படம், மதிப்பெண், பள்ளி வேன் வந்துபோகும் ஊர்களின் பட்டியல் எல்லாம் அதில் இருக்கும். அவர்கள் பள்ளியைப் பற்றி அவர்கள் சொல்கிறார்கள், அதில் தவறில்லை. அதே ஊரில் கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்துப் பத்தாம் வகுப்பில் 500-க்கு 460 வாங்கியிருக்கும். அந்தச் செய்தி பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தகவல் தளத்தில் ஏறும், தலைமை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஓடும், உங்கள் அலுவலகத்துக்கு அறிக்கையாக வந்து சேரும். ஊருக்கு மட்டும் வராது. சேர்க்கைக்காக ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய் நிற்கும்போது, "உங்க ஸ்கூல்ல என்னத்த சார் சொல்லிக் குடுக்கறாங்க?" என்று கேட்கிறவர்கள் விவரம் தெரியாமல்தான் கேட்கிறார்கள். விவரத்தை யாரும் அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லையே.

மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அழைப்பதற்காக ஒருமுறை வீடுகளுக்குப் போயிருந்தோம். ஒரு வீட்டில் அந்த அம்மா மஞ்சள் பையை எடுத்து வந்தார். ரேஷன் அட்டை, ஆதார் ஜெராக்ஸ், வங்கிப் புத்தகம், இவற்றுக்கு நடுவே பிளாஸ்டிக் உறையில் ஒரு சான்றிதழ். "இது என்னன்னு படிச்சுச் சொல்லுங்கண்ணே, பாப்பா பத்திரமா வைக்கச் சொன்னா" என்றார். அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாப் போட்டியில் வில்லுப்பாட்டுக்கு மாவட்ட அளவில் இரண்டாம் பரிசு. பள்ளியில் ஜெயித்து, வட்டாரத்தில் ஜெயித்து, அப்புறம் மாவட்டத்துக்குப் போய் வாங்கியது என்று சொன்னேன். மகள் சொல்லாமல் இல்லை. "ஏதோ பாட்டுல பரிசு"என்று சொல்லியிருக்கிறாள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பெரியவர்கள் யாரும் அந்த வீட்டுக்கு வந்து சொன்னதில்லை. அந்த அம்மா பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இன்னொரு தரம் படிங்கண்ணே" என்றார்.

பரிசளிப்பு விழா நடந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. வேலை நாளில், காலையில், மாவட்டத் தலைநகரில் நடந்திருக்கும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பேருந்து மாறி அந்த அம்மா எப்படிப் போவார்? பள்ளியில் வழிபாட்டுக் கூட்டத்திலும் கைதட்டியிருப்பார்கள். அந்தக் கைதட்டல் சுற்றுச்சுவரைத் தாண்டி வரவில்லை.

கிராம சபையைச் சொல்வதற்குக் காரணம் இதுதான். தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. சுதந்திர தினமும் குடியரசு தினமும் விடுமுறை நாட்கள். பள்ளியில் கொடியேற்றம் முடிந்து பெற்றோர், ஆசிரியர், பிள்ளைகள் எல்லோரும் ஊரிலேயே இருக்கிற நாட்கள். நாட்களும் பொருத்தமாக அமைந்திருக்கின்றன. பொதுத்தேர்வு, துணைத் தேர்வு, கல்லூரிச் சேர்க்கை எல்லாம் ஆகஸ்ட் 15-க்குள் ஓரளவு தெரிந்துவிடும். கலைத் திருவிழா, விளையாட்டுப் போட்டிகளின் முடிவுகளை ஜனவரி 26-க்கு வைத்துக்கொள்ளலாம். நகரங்களில் கிராம சபை போலவே மக்கள் கூடும் பகுதி சபை இருக்கிறது. அங்கும் இதைச் செய்ய முடியும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. பல ஊர்களில் காலனி ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். ஒரு பக்கத்துப் பிள்ளை ஜெயித்தால் மறுபக்கத்துக்குத் தெரியாது. தெரிந்தாலும் தம் பிள்ளை என்று நினைக்க மாட்டார்கள். கிராம சபை எல்லோருக்கும் பொதுவான இடம். அங்கே ஒலிபெருக்கியில், "நம்ம ஊர்ப் பிள்ளை" என்று ஆரம்பித்து அந்தப் பெயரை வாசித்தால், அந்த வெற்றியில் மொத்த ஊருக்கும் பங்கு வந்துவிடுகிறது. பெற்றோரை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அந்த ஒரு நாற்காலி செய்கிற வேலையை எந்தக் கேடயமும் செய்யாது.

யார் யார் பெயரை வாசிப்பது? இங்கேதான் உங்கள் வழிகாட்டுதல் மிகவும் தேவைப்படுகிறது. அதிக மதிப்பெண் வாங்கிய முதல் மூன்று பேரோடு பட்டியலை முடித்துவிடக் கூடாது. 2017-இல் பொதுத்தேர்வு முடிவுகளில் ரேங்க் பட்டியல் வெளியிடுவதை இந்த அரசுத் துறையே நிறுத்தியது. நல்ல முடிவு அது. ஆனால் அந்த வழக்கம் இன்னும் நம் மனதை விட்டுப் போகவில்லை.

எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடங்களுக்கு 90 கேள்வி. தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு ஆண்டில் 48,000 ரூபாய். கிராமத்தில் ஒரு வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை. "வயசுக்கு வந்தாச்சு, படிப்பு போதும்" என்று பேச்சு எழும்போது அந்தப் பெண்பிள்ளையின் பக்கம் நிற்கிற தொகை. இதற்காகச் சனிக்கிழமைகளில் பள்ளிக்கு வந்து பயிற்சி கொடுத்த ஆசிரியர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயரையும் சேர்த்து வாசியுங்கள். கூடவே ஒரு வேலை: இந்த உதவித்தொகையை ஆண்டுதோறும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும், வங்கிக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். பாராட்டிக் கைதட்டியதோடு விட்டுவிட்டால் பத்தாம் வகுப்பில் பணம் நின்றுபோகும், வீட்டில் காரணம் தெரியாது. ஊர் முன்னால் பெயர் வாசித்த பிள்ளையை அடுத்த ஆண்டு, "புதுப்பிச்சாச்சா கண்ணு?" என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள்.

அப்புறம், துணைத் தேர்வு எழுதித் தேறிய பிள்ளைகள். மே மாதம் கணக்கில் 28 வாங்கி, தெருவில் தலைகாட்ட முடியாமல் இருந்து, திரும்பப் படித்து எழுதி 35-ஐத் தாண்டி ஐ.டி.ஐ.யிலோ பதினோராம் வகுப்பிலோ சேர்ந்த பையன் சாதித்தவன் இல்லையா? என்னைக் கேட்டால் பட்டியலில் முதலில் வாசிக்க வேண்டியது அவன் பெயரைத்தான். அவனும் வீட்டாரும் சம்மதித்தால் வாசிப்போம். மில் வேலைக்கோ செங்கல் சூளைக்கோ போய்விட்டு ஆசிரியர்கள் தேடிப்போய் அழைத்து வந்த பிள்ளை ஆண்டு முழுக்கப் பள்ளிக்கு வந்தால், அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கப் பள்ளிகளை மறந்துவிடாதீர்கள். 2022-இல் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்துக் கூட்ட முடியாமல் அரும்பில் இருந்த குழந்தை ஒரே ஆண்டில் மலருக்கு வந்து கதையைத் தடையில்லாமல் படிக்கிறது என்றால், இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொள்ளும் பள்ளியில் அது எவ்வளவு பெரிய உழைப்பு! கிராம சபையில் அந்தக் குழந்தை எழுந்து நின்று ஒரு பக்கம் படிக்கட்டும். அதைவிட நல்ல சேர்க்கை விளம்பரம் இருக்க முடியாது.

தோற்றுப்போன முயற்சியும் பாராட்டுக்கு உரியதுதான். மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளை எல்லோருக்கும் நினைவிருக்கும். நாடு முழுக்க 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பங்கெடுத்த ஆசாதிசாட் என்ற சிறிய செயற்கைக்கோளில் அவர்கள் உழைப்பும் இருந்தது. 2022 ஆகஸ்ட் 7-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் அதைச் சுமந்து கிளம்பியது, கடைசிக் கட்டத்தில் பாதை தவறி அந்தச் செயற்கைக்கோள் பயன்படாமல் போனது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதி ஆசாதிசாட்-2 சரியான பாதையில் போய்ச் சேர்ந்தது. முதல் முறை தவறியதால் அந்த மாணவிகள் கற்றுக்கொண்டது ஏதாவது குறைந்துபோனதா? அந்த ஆகஸ்ட் மாதமே அவர்களை ஊர் கூடிப் பாராட்டியிருந்தாலும் தகும்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நூறு சதவீதத் தேர்ச்சி தந்த பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் சான்றிதழ் தருகிறீர்கள். மாவட்டம் எத்தனையாவது இடம் என்று மே மாதம் செய்தித்தாள்களில் வருவதும், அதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருப்பதும் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தால், சரியாகப் படிக்காத பிள்ளை பள்ளிக்குச் சுமையாகத் தெரிய ஆரம்பிக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், "பையனைத் தனித்தேர்வராக எழுத வையுங்க" என்று பள்ளியிலிருந்தே சொல்லிவிட்டார்கள். அவன் அதற்கப்புறம் தேர்வே எழுதவில்லை. தொண்ணூறு பேர் எழுதி எண்பத்தைந்து பேர் தேறி, மீதி ஐந்து பேரையும் துணைத் தேர்வுக்குத் தயார் செய்கிற பள்ளிக்கும் அதே சான்றிதழைக் கொடுங்கள். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வை எத்தனை பேர் எழுதினார்கள் என்று சேர்த்துப் பார்த்துக் கொடுங்கள்.

விழாக்களில் விண்வெளி விஞ்ஞானிகள் மயில்சாமி அண்ணாதுரையையும் சிவனையும் பற்றிப் பேசாத சிறப்பு விருந்தினர் இல்லை. கோதவாடி அரசுப் பள்ளியில் படிக்கத் தொடங்கிய மயில்சாமி அண்ணாதுரையும், சரக்கல்விளை அரசுப் பள்ளியிலிருந்து வந்து இஸ்ரோவின் தலைவரான சிவனும் நமக்குப் பெருமைதான். ஆனாலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அவர்கள் எட்டாத உயரம். 2020-இல் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் வந்ததிலிருந்து அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவம் போனவர்கள், அடுத்த ஆண்டு அதே ஒதுக்கீடு பொறியியல், வேளாண்மை, சட்டப் படிப்புகளுக்கும் வந்தபின் போனவர்கள் எல்லாம் அடுத்த தெருவிலோ அடுத்த ஊரிலோ இருக்கிறார்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போகிற அக்கா தினமும் அதே பேருந்தில்தான் ஏறுகிறார். விடுமுறைக்கு வந்திருக்கும் அவர்களைச் சபைக்குக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். விண்ணப்பம் எப்போது போட வேண்டும், என்ன சான்றிதழ் கேட்பார்கள், விடுதி எப்படி இருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். முன்னாள் மாணவர்களும் இப்போது மேலாண்மைக் குழுவில் இருக்கிறார்கள். அழைப்பது சிரமமே இல்லை.

நடைமுறையில் சில விஷயங்கள். சால்வை, நினைவுப் பரிசு, வரவேற்புரை எதுவும் வேண்டாம். பிள்ளைகளை வெயிலில் உட்கார வைத்து யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். படம் எடுத்தால் பிள்ளையும் பெற்றோரும் நடுவில் நிற்க வேண்டும். பெண்பிள்ளைகளின் படத்தை முகநூலில் போடுவதற்கு முன்னால் வீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டும். தலைமை ஆசிரியர் அறையில் இதுவரை பணிபுரிந்த தலைமை ஆசிரியர்களின் பெயர்ப் பலகை தொங்கும் இல்லையா, அதுபோல ஒரு பலகை பிள்ளைகளுக்காகப் பள்ளி வாசலில் வேண்டும். ஃப்ளெக்ஸ் வேண்டாம், பெயின்ட்டில் எழுதிவிட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். பெயர், அப்பா அம்மா பெயர், ஆண்டு, என்ன சாதித்தார் என்று ஒரு வரி.

உங்களால் ஆக வேண்டியது இரண்டு. ஒன்று, மாவட்ட ஆட்சியரிடம் பேசி இதைக் கிராம சபையின் பொருள் நிரலில் சேர்க்க வேண்டும். இரண்டு, பட்டியலில் யாரெல்லாம் வரலாம் என்று தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். ஊராட்சியோடு பேசுவது, பெற்றோரை வீடு தேடிப்போய் அழைப்பது, நாற்காலி போடுவது எல்லாம் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் பார்த்துக்கொள்ளும். எங்கள் பள்ளியின் பட்டியலை ஜூலை முடிவதற்குள் தயாராக வைத்திருப்போம். சுற்றறிக்கைக்காகக் காத்திருக்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்