மூன்றாம் பருவ நிறைவு: பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பருவம் நல்லபடியாக முடிந்தது. தமிழ்த் தேர்வைப் பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆடிக் கூழ் பூஜையில் சின்ன வகுப்பினர் தேவாரம் பாடினார்கள், நடனக் குழுவும் நன்றாக ஆடியது. ஆசிரியர்களுக்கும், அடுப்படியில் நின்ற அம்மாக்களுக்கும் நன்றி.

அப்புறம், டர்பனுக்கு வடக்கே உள்ள செயின்ட் லூசியா ஏரிக்குப் போன சுற்றுலா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீர்யானை பார்க்க மட்டும் என்றால் படகுச் சவாரியே போதும். மிஷன் ராக்ஸ் பக்கத்து மவுண்ட் டேபர் குன்றில் பிள்ளைகளை ஏற்றியதற்குக் காரணம், இரண்டாம் உலகப் போரில் அங்கே இருந்த ரேடார் நிலையம். வானொலி அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்துத் தூரத்துக் கப்பலையும் விமானத்தையும் கண்டுபிடிக்கும் கருவிதான் ரேடார். கீழே ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் கட்டலினா என்ற கடல் விமானங்கள் இறங்கின. தண்ணீர்தான் ஓடுபாதை. அந்த இடத்துக்கு இன்றும் கட்டலினா பே என்றே பெயர். அங்கே விபத்தில் இறந்த விமானப்படையினரும் உண்டு.

1942 நவம்பர் 28 அன்று நேட்டால் கரைக்கு அப்பால் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று நோவா ஸ்கோஷியா என்ற பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்தது. 800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் இத்தாலியப் போர்க் கைதிகள். பல உடல்கள் நம் டர்பன் கடற்கரையில் ஒதுங்கின. இப்படிப்பட்ட நீர்மூழ்கிகளைத் தேடித்தான் கட்டலினாக்கள் மணிக்கணக்கில் கடல்மேல் சுற்றின. 1943 ஆகஸ்ட் 20 அன்று மடகாஸ்கருக்குத் தெற்கே யு-197 நீர்மூழ்கியை மூழ்கடித்தவை அவைதான்.

ரேடாரில் நம் தென்னாப்பிரிக்காவுக்கும் ஒரு கதை உண்டு. இயற்பியலாளர் பேசில் ஷோன்லாண்ட் குழுவினர் ஜோகன்னஸ்பர்க்கில் தாங்களே செய்த கருவியில் 1939 டிசம்பர் 16 அன்று முதல் எதிரொலியைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே அது டர்பனில் நம் அவோகா பக்கம் வந்து கடலைக் கவனித்தது. கரையோர நிலையங்களில் இரவு பகலாகத் திரையைப் பார்த்தவர்களில் இளம்பெண்கள் ஏராளம். நம் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் இதைக் கண்கொட்டாமல் கேட்டார்கள்.

திரும்பி வந்த மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் சில படங்கள் வந்தன. நிலையத்துச் சுவரில் பிள்ளைகள் கல்லால் பெயர் கீறுகிறார்கள், பெரியவர்கள் பக்கத்தில் நின்று சிரிக்கிறார்கள். உடைந்த சிமெண்டுத் துண்டுகளும் நினைவுப்பொருளாக வீட்டுக்கு வந்திருக்கின்றன. "இடிஞ்ச சுவர்தானே டீச்சர்" என்று ஒருவர் எழுதியிருந்தார். கெட்ட எண்ணத்தோடு யாரும் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகளின் உற்சாகமும் புரிகிறது.

ஆனால் இதை நான் ஏற்க முடியாது. நம் நாட்டின் 1999-ஆம் ஆண்டுத் தேசிய மரபுவளச் சட்டப்படி 60 ஆண்டுக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும் அனுமதியில்லாமல் மாற்றவோ இடிக்கவோ கூடாது. அந்த இடமோ உலகப் பாரம்பரியப் பூங்காவுக்குள் இருக்கிறது. நம் கோயில் சுவரில் யாராவது ஆணியால் கீறினால் சும்மா இருப்போமா? இனி இப்படி நடந்தால் அந்தக் குடும்பத்துக்கு அடுத்த சுற்றுலாவில் இடம் கிடையாது. யாருக்காகவும் இதைத் தளர்த்த மாட்டேன்.

எடுத்து வந்த துண்டுகளை வரும் சனிக்கிழமை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். யார் கொடுத்தார்கள் என்று எழுதி வைக்க மாட்டோம். மன்னிப்புக் கடிதத்தோடு நானே பூங்கா அலுவலகத்தில் சேர்த்துவிடுகிறேன். ஒரு தாய் சொல்லாமலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டார், அவருக்கு என் மனமார்ந்த நன்றி.

விடியுமுன் எழுந்து கட்டுச்சோறு கட்டித் தந்தீர்கள், அவ்வளவு தூரம் வண்டி ஓட்டினீர்கள். நீங்கள் இல்லாமல் இந்தச் சுற்றுலா நடந்திருக்காது. விடுமுறையை நன்றாகக் கழியுங்கள். நான்காம் பருவத்தில் சந்திப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
டர்பன்