'பிளடி'யில் ரத்தம் தேடாதீர்கள்

ஆங்கிலப் படங்களுக்கும் தொடர்களுக்கும் தமிழில் சப்டைட்டில் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். லண்டன் தெருவில் ஒருவன் கையைத் தேய்த்துக்கொண்டு 'இட்ஸ் பிளடி கோல்டு' என்றால், கீழே 'ரத்தக் குளிர்' என்று வரக் கூடாது. அங்கே 'பிளடி'க்கு 'ரொம்ப' என்பதைத் தவிர வேறு வேலை இல்லை. 'செம குளிர்' போதும்.

'பை அவர் லேடி' என்று மாதாமேல் இட்ட ஆணைதான் மருவி 'பிளடி' ஆனது என்றொரு கதை உண்டு. நம்ப வேண்டாம். 17ஆம் நூற்றாண்டிலேயே தலைகால் தெரியாத போதையை 'பிளடி டிரங்க்' என்றிருக்கிறார்கள்; அதில் மாதாவுக்கு என்ன வேலை? 'பிளட்' என்று அழைக்கப்பட்ட பணக்கார ரகளைப் பேர்வழிகளிடமிருந்து வந்திருக்கலாம் என்பது கொஞ்சம் பொருந்துகிறது. 1711இல் 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட், நடந்து வந்த வெக்கையைச் சொல்ல இதைத் தம் கடிதத்தில் கூச்சமின்றி எழுதினார். அது அச்சிலேறக் கூசும் சொல்லானது பின்னால்தான். விக்டோரியா காலப் பத்திரிகைகள் முதலெழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் அச்சிட்டு நடுவில் கோடு போட்டன. 1914இல் லண்டன் மேடையில் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாயகி இதைச் சொன்னது ஊர்ப்பேச்சானது. இன்றோ பிரிட்டனின் ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம் இதை மென்மையான சொற்களோடு சேர்த்துவிட்டது. ஆஸ்திரேலியர்கள் இன்னும் ஒரு படி மேலே: 2006இல் சுற்றுலா விளம்பரத்திலேயே போட்டார்கள். அதைத் தொலைக்காட்சியில் காட்ட முதலில் மறுத்தது பிரிட்டன்தான்!

ஆகவே கதை நடக்கும் ஆண்டையும் ஊரையும் முதலில் பாருங்கள். 1890இன் வரவேற்பறையில் ஒரு பெண் சொன்னால் 'எழவெடுத்த' என்ற கனம் வேண்டும். வட இங்கிலாந்தின் யார்க்ஷயரில் இன்றைய பாட்டி பேரனிடம் சொன்னால் 'எழவெடுத்த' அபத்தம். 'பிளடி ஹெல்' பெரும்பாலும் 'அடக் கடவுளே'தான். 'அப்சொலூட்லி'யைப் பிளந்து 'அப்சோ-பிளடி-லூட்லி' என்று சொல்லின் வயிற்றுக்குள் செருகும் வித்தைக்குத் தமிழில் இடமில்லை. 'சத்தியமா' என்று அழுத்திவிட்டு நகருங்கள். வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் 1972இல் பிரிட்டிஷ் ராணுவம் ஊர்வலத்தினரைச் சுட்டுக் கொன்ற 'பிளடி சண்டே' மட்டும் நிஜ ரத்தம், அதைத் தொடாதீர்கள்.

'பிளடி' என்று அப்படியே விடுவதும் சரிவராது. 'பிளடி ராஸ்கல்' என்றால் தமிழ்க் காதுக்குத் துரையின் அதட்டல் கேட்கும்; மூலத்தில் அந்தத் திமிர் இருக்காது. வரியில் இடம் போதாவிட்டால் முதலில் வெட்ட வேண்டியதும் இந்தச் சொல்தான். நடிகரின் குரலே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர் சிலர்