அப்பாவின் சாப்பாடு பற்றி

அன்பு மகனுக்கு,

இஞ்ச நாங்கள் சுகம். உங்கட சுகத்தையும் பேத்தியின்ர படிப்பையும் அறிய ஆவல். போனில சொன்னா "ஓம் அம்மா, ஓம் அம்மா" எண்டுபோட்டு வச்சிடுவாய். அதுதான் எழுதுறன். ஆறுதலா இருந்து வாசி.

அப்பா பரவாயில்லை. லிஃப்ட் பழுதான நாளில படியேறேக்க முந்திமாதிரி ஒவ்வொரு மாடியிலயும் நிக்கிறேல்லை. ஆனா ஆள் மெலிஞ்சு போனதுதான் யோசனை எண்டு டொக்டர் சொன்னார். எங்களுக்கு மூச்செடுக்கிறது ஒரு வேலையாத் தெரியிறதில்லை. அப்பாவின்ர நெஞ்சுக்கு அதுதான் நாள் முழுக்க வேலை, தின்னுறதில நல்ல பங்கு அதுக்கே செலவாகுது. அதுக்காக வயிறு முட்டக் குடுக்கவும் ஏலாது. நிரம்பின இரைப்பை, சுவாசப்பைக்குக் கீழ இருக்கிற பிரிமென்றகட்டை மேல தள்ளும், சுவாசப்பை விரிய இடம் காணாது, கை கழுவ முன்னமே இளைப்பு வந்திடும். கரும்பலகையில எத்தினை வருசம் கீறிக்காட்டின படம்! ஓ.எல். பிள்ளையளுக்கு அது மார்க்ஸ், எனக்கு இப்ப சமையல்.

ஆனபடியா மூண்டு நேரச் சாப்பாட்டை ஆறாப் பிரிச்சுப்போட்டன். விடிய இலைக்கஞ்சி. சிவப்பரிசியும் உள்ளியும் நல்லா அவிஞ்சு குழைஞ்ச பிறகுதான் அரைச்ச வல்லாரைச் சாறு விடவேணும், விட்டு ஒரு கொதியோட இறக்கவேணும், இல்லாட்டி பச்சை நிறம் செத்துப்போகும். பத்து மணிக்குப் பப்பாசிப்பழம், தேசிக்காய் பிழிஞ்சு. மத்தியானம் ஒரு அகப்பைச் சோறு, கீரை, மீன். பிறகு ஒரு முட்டையோ அவிச்ச கடலையோ. இரவுக்குப் பிட்டு வேண்டாமாம், தொண்டையில அடைச்சு இருமப் பண்ணுதாம், இடியப்பமும் சொதியும்தான். கோவாவை நிப்பாட்டிப்போட்டன், அது வயித்தை ஊதவைக்கிற நாளில மூச்சும் ஏலாது. சோடாவும் அப்பிடித்தான். கருவாடு எப்பவாவது ஒரு துண்டு, உப்புக் கூடினா உடம்பில தண்ணி நிக்கும்.

சந்தையில அறக்குளாவின்ர விலையைக் கேட்டுப்போட்டு சூடைமீன் வாங்கிக்கொண்டு வாறன். சூடை எண்டு நீங்கள் எல்லாரும் சின்னனில முகம் சுழிச்சனீங்கள். ஒமேகா 3 எண்டு அங்க போத்தலில வாங்கிற எண்ணெய் இதில தாராளமாக் கிடக்கு. ரொறன்ரோவில சாடின் எண்டு கிடைக்கும்தானே, வாங்கிச் சாப்பிடு. பழமும் சாப்பிடு.

உங்கட வீட்டுச் சாப்பாட்டில நான் தலையிடேல்லை. மருமகளும் வேலைக்கு ஓடுற பிள்ளை. ஆனா பேத்தியின்ர சாப்பாட்டுப் பெட்டியில ஒவ்வொரு நாளும் சொசேஜ் இருக்கிறதை வீடியோவில கண்டன். அந்தமாதிரிப் பதப்படுத்தின இறைச்சி கூடச் சாப்பிடுறவைக்குத் தொய்வு, அதுதான் அஸ்மா, மோசமாகிறதைப் பிரான்சில ஆராய்ச்சி செய்து கண்டிருக்கினம். எங்கட குடும்பத்துப் பிள்ளைக்கு அது வேண்டாம். சின்னனில உனக்குத் தொய்வு இழுக்கேக்க உன்னைத் தோளில போட்டுக்கொண்டு விடியும்வரை ஹோலில நடந்தது அப்பாதான், நான் கொத்தமல்லித் தண்ணியை ஆத்திக்கொண்டு பின்னால. அந்த மல்லித்தண்ணி தொண்டைக்கு இதம், அவ்வளவுதான். உன்னைக் காப்பாத்தினது வாயால இழுக்கிற மருந்துப் பம்ப். அதை இப்பவும் பையில கொண்டு திரியிறியோ?

2023 ஆனியில காட்டுத்தீப் புகை உங்கட பக்கம் வந்தபோது பிள்ளையை வெளியில விடாமல், ஜன்னல் இடுக்கெல்லாம் துணி அடைச்சு வச்சிருந்தாய். நல்ல தகப்பன் எண்டு நான் மாமிக்குச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டன். பிள்ளையின்ர மூச்சில காட்டிற கவனத்தில கால்வாசி உன்ர மூச்சிலயும் இருக்கவேணும். இஞ்சயும் மார்கழியில வடக்கால காத்துத் திரும்பினா வானம் மங்கிப்போகுது. 2022இல ஒரு நாள் பள்ளிக்கூடங்களையே பூட்டினவை. அப்பிடியான நாளில அப்பாவைக் கடற்கரைப் பக்கம் நடக்க விடுறேல்லை. ஊர்ப் புகைக்கு நாங்கள் என்ன செய்யிறது.

தக்காளிப்பழம் சாப்பிடு. இதை நான் சும்மா சொல்லேல்லை. ஜேர்மனி, நோர்வே, பிரித்தானியா மூண்டிலயும் பத்து வருசமா ஆக்களைப் பாத்து எழுதினது 2017இல வந்தது. ஒரு நாளைக்கு ரெண்டு தக்காளிக்கு மேல, இல்லாட்டி பழங்கள் கூடச் சாப்பிட்டவைக்கு சுவாசப்பை வயசோட தளர்றது மெதுவா நடந்திருக்கு. சிகரெட்டை விட்டவையில அது இன்னும் தெளிவாத் தெரிஞ்சதாம். விட்டவையில. போத்தல் சோஸில அந்தப் பலன் காணேல்லை, பச்சைப் பழமா இருக்கவேணும். தக்காளிதான் காரணம் எண்டு சத்தியம் பண்ண ஏலாது, கவனமாச் சாப்பிடுறவை மற்றதிலயும் கவனமா இருப்பினம். எண்டாலும் தக்காளியால கெடுதல் ஒண்டும் இல்லைத்தானே.

அப்பா விட்ட கதை உனக்கு முழுக்கத் தெரியாது, நீ அப்ப கம்பஸில. வெலிசறை நெஞ்சுநோய் ஆசுப்பத்திரியால வந்த பிறகு விட்டவர் எண்டுதான் உங்களுக்குச் சொன்னது. அதுக்கு முன்னமும் விட்டவர். விட்ட முதல் கிழமையளில இருமல் குறையாமல் கூடினது. "விட்டாத்தான் வருத்தம் வருது" எண்டு திரும்பத் தொடங்கினார். மூச்சுக்குழாயில இருக்கிற பிசிர்மயிர் புகையில மரத்துப்போய்க் கிடந்தது, அது உயிர்பெற்றுச் சளியை மேல தள்ளத் தொடங்கினா இருமல் வரத்தான் செய்யும். அடுத்தமுறை அதைத் தெரிஞ்சுகொண்டு விட்டார். சேட்டுப் பொக்கற்றில பெட்டி இருந்த இடத்தில வறுத்த கடலைச் சரை. கை தன்பாட்டில அங்க போகும், கடலையை எடுக்கும். சேட்டெல்லாம் கடலைத் தோல், நான் தோய்க்கேக்க ஏசினன். தேத்தண்ணி குடிச்ச கையோடதான் ஆசை கூட வரும் எண்டு தேத்தண்ணியையும் கொஞ்ச நாள் விட்டவர். யாருக்காவது சொல்ல உதவும் எண்டு எழுதுறன்.

போன ஞாயிறு நீ பல்கனியில நிண்டு கதைச்சாய். பின்னால பனி கொட்டுது, உனக்கு ஜாக்கெற்றும் இல்லை. உள்ளுக்குச் சிக்னல் இல்லையெண்டாய். இடைக்கிடை சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு முகத்தை அங்கால திருப்பினாய். அப்பா பக்கத்தில இருந்து பாத்தவர், ஒண்டும் கதைக்கேல்லை. அவரும் முந்திக் கடல் காத்து வாங்கப் பல்கனிக்குப் போறவர்தானே. நான் ஒண்டும் கேக்கேல்லை.

ஒரு விசயத்தை மட்டும் கேக்கத்தான் வேணும். நீ அப்பாவுக்கு அனுப்பின குளிசைப் போத்தலில பீற்றா கரோட்டீன் எண்டு போட்டிருக்கு. நீயும் அதைத்தான் எடுக்கிறன் எண்டாய். பின்லாந்தில சிகரெட் பத்துற 29,000க்கு மேற்பட்ட ஆம்பிளையளை வச்சு அந்தக் குளிசையைப் பரிசோதிச்சவை. பாதுகாக்கும் எண்டுதான் குடுத்தது. 1994இல முடிவு வந்தபோது, அதை எடுத்தவைக்குச் சுவாசப்பைப் புற்றுநோய் 18 வீதம் கூட. கரட்டிலயும் பூசணியிலயும் கீரையிலயும் இருக்கிறது ஒண்டும் செய்யாது, அதை எவ்வளவும் சாப்பிடலாம். குளிசைதான் கூடாது. அப்பா விட்டுக் கன வருசம், எண்டாலும் நான் போத்தலை உடைக்காமல் அலுமாரியில வச்சிட்டன்.

சிகரெட் பத்தாதவனுக்கு இதில பயமில்லை. பத்துறவன் அதை ஒரு நாளும் வாயில வைக்கக்கூடாது. நீ எதெண்டு எனக்கு எழுதவேண்டாம். உன்ர போத்தலின்ர பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு, அதை நிப்பாட்டிப்போட்டு உங்கட டொக்டரிட்டயும் ஒருக்கா நெஞ்சைக் காட்டு. இந்தக் கிழமைக்குள்ள.

அக்காவின்ர சிநேகிதி பத்தாம் திகதி அங்க வாறா. மிளகாய்த்தூளும் காயவச்ச முருங்கையிலைத் தூளும் குடுத்துவிடுறன். வேற என்ன வேணுமெண்டு மருமகளிட்டக் கேட்டுச் சொல்லு.

அன்புடன்
அம்மா
வெள்ளவத்தை