நீ கேட்ட கேள்வி

அன்புள்ள கதிருக்கு,

உன் அலுவலகத்துப் பெண்ணிடம் வாடகைக் கார் ஓட்டுநர் தகாத முறையில் நடந்துகொண்டதைச் சொல்லிவிட்டு, "அந்த நேரத்தில் இவள் ஏன் தனியாகக் கிளம்பினாள்?" என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். உன்னைக் கண்டிக்கும் தகுதி எனக்கு உண்டா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் புகுந்து, மலைவாழ் மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்து, 18 பெண்களை வன்புணர்வு செய்து, வீடுகளைச் சூறையாடிவிட்டுப் போனபோது நான் தருமபுரியில்தான் குடியிருந்தேன். அடிபட்டவர்களையே கைது செய்து சேலம் சிறையில் அடைத்தார்கள். அதுவே எங்களுக்குப் போதுமான சான்றாகப் பட்டது. "கட்டை கடத்தாமலா இத்தனை பேர் போயிருப்பார்கள், நெருப்பில்லாமல் புகையுமா?" என்று குழாயடியில் பேசியவர்களில் உன் அம்மாவும் ஒருத்தி.

2011இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தீர்ப்பு வந்துதான் எனக்குப் புத்தி வந்தது என்பதே வெட்கம். கட்டை இருந்திருந்தால் வழக்குப் போட்டிருக்கலாம். பெண்களை ஏரிக்கு இழுத்துப் போனதற்கும் கட்டைக்கும் என்ன சம்பந்தம்? நாங்கள் கட்டை கடத்துவதில்லை, ஆகவே எங்கள் வாசலுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொள்ளத்தான், முகம் பார்த்திராத அந்தப் பெண்கள்மேல் பழியைப் போட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

இருட்டுவதற்குள் வந்துவிடு என்று உன் அக்காவிடம் நானும்தான் சொல்வேன், ஆனால் அவள் கிளம்பும்போது சொல்வேன். அழுதுகொண்டு வந்து நிற்பவளிடம் அதையே கேட்டால், ஓட்டுநர் சொல்ல வேண்டிய பதிலை அவளிடம் கேட்டதாகிவிடும்.

அன்று உனக்கும் அவளுக்கும் ஒரே ஷிப்ட் என்று நீயே சொன்னாய். நீயும் அதே நேரத்தில் தனியாகத்தானே கிளம்பினாய், கதிர்? புகார் கொடுக்கப் போவதானால் துணைக்கு வரட்டுமா என்று அவளிடம் கேள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே.

அன்புடன்,
அம்மா