இலையில்லாத மரமெல்லாம் பட்ட மரம் இல்லை

ஆசிரியருக்கு,

வடக்கே வன்னியில், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் போகும் வீதியோரக் காடு வெளிறிப்போய் நிற்கிறது, மரங்கள் செத்துக்கொண்டு வருகின்றன என்று உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கவலையைக் குறை சொல்லவில்லை. ஆனால் தான் அந்த வழியால் போனது ஆவணியில் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆவணியில் வன்னிக் காடு வேறு எப்படித்தான் இருக்கும்?

எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசியில் தொடங்கித் தையோடு முடிந்துவிடும். சித்திரையில் கொஞ்சம் பெய்யும், அதை நம்பி ஒன்றும் செய்ய ஏலாது. அப்புறம் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரைக்கும் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற அடியில் கொடியில் போட்ட சாரம் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது, மரத்தின் இலையை மட்டும் அது சும்மா விடுமா? மரம் உறிஞ்சும் தண்ணீரில் பெரும்பங்கு இலை வழியாகத்தான் ஆவியாகப் போகிறது. வேருக்கு ஈரம் எட்டாத காலத்தில் முதலில் இலையில் உள்ள நுண்துளைகளை மூடிச் சமாளிக்கும், அதுவும் போதாவிட்டால் இலையில் இருக்கிற சத்தில் ஒரு பங்கைக் கொப்புக்குள் இழுத்துக்கொண்டு, காம்பு கொப்போடு சேரும் இடத்தைத் தானே பலவீனமாக்கி இலையைக் கழற்றி விடும். கழற்றுவது உயிருள்ள மரம் செய்கிற வேலை. திடீரென்று செத்த கொப்பில் காய்ந்த இலை பல நேரம் விழாமல் அப்படியே தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

எல்லா மரமும் ஒரே மாதிரி இல்லை. பாலையும் வீரையும் தடித்த இலைக்காரர், கோடையிலும் பச்சையாக நிற்பார்கள். பாலை அந்த வெக்கைக்குள்தான் பழமும் தரும், தின்றவர்களின் உதட்டைக் கேட்டால் பால் ஒட்டிய கதை சொல்லும். முதிரை இலையைக் கொட்டிவிடும். இவை கலந்து நிற்பதால்தான் காடு ஓட்டை விழுந்த பாய் மாதிரித் தெரிகிறது. தேக்கந்தோப்பைப் பார்த்துக் காடு போச்சு என்று சொல்கிறவர்களும் உண்டு. தேக்கு இங்கே நட்டு வளர்த்த மரம், கோடையில் மொட்டையாவது அதன் வழக்கம். கொன்றை இலையைக் கொட்டிவிட்டு மஞ்சளாகப் பூத்து நிற்கும்போது மட்டும் ஒருவரும் செத்துப்போச்சு என்று சொல்வதில்லை.

இதை நான் இவ்வளவு இழுத்து எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் படலைக்கு வெளியே வீதியோரம் ஒரு முதிரை நின்றது. வீதி அகலிக்க வந்தவர்கள் ஆடி மாதத்தில் அதைத் தறித்தார்கள். அது அவர்களுடைய அளவுக் கோட்டுக்குள் வரவுமில்லை. கேட்டதற்கு, "பட்ட மரம்தானே ஐயா, விழுந்தால் ஆருக்குப் பொறுப்பு?" என்றார்கள். தறித்த வாயைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம். ஒரு சின்னக் கொப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்திருந்தாலே உள்ளே பச்சை தெரிந்திருக்கும். அரை நிமிட வேலை.

சாகிற மரமும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. பக்கத்து மரமெல்லாம் பச்சையாக நிற்க ஒன்று மட்டும் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தால், பட்டை கழன்றால், அடியில் காளான் பூத்தால் கவனிக்கத்தான் வேண்டும். கிடங்கு வெட்டும்போது வேர் அறுந்தாலோ, அடிமரத்தில் கிரவலைக் குவித்து மூடினாலோ பெரிய மரமும் மெல்ல மெல்லப் போகும். உங்கள் வாசகர் அதே வீதியால் கார்த்திகையில் ஒருக்கால் போய்ப் பார்க்கட்டும், அப்போதும் மொட்டையாக நிற்கிற மரங்களை எண்ணி எழுதட்டும், நானும் அவரோடு சேர்ந்து கையெழுத்து வைக்கிறேன்.

எங்கள் முதிரையின் அடிக்கட்டை ஐப்பசி மழைக்கு நாலு துளிர் விட்டது. வேலி அடைக்கச் சுணங்கிவிட்டேன், ஆடு கடித்துவிட்டது.

மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர்