வாசலில் நிற்பவர்களையும் கணக்கில் எடுங்கள்: இசை நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களுக்கு முன் சென்னைப் புறநகரில் நடந்த ஓர் இசை நிகழ்ச்சிக்கு என் தாயாரை அழைத்துச் சென்றிருந்தேன். வாசலை நெருங்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. நெருங்கியபோது டிக்கெட் செயலி திறக்கவில்லை. அத்தனை பேரும் ஒரே இடத்தில் கூடியதில் இணையம் படுத்துவிட்டது. முந்தைய நாளே எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன். “ஸ்கிரீன்ஷாட் செல்லாது சார், செயலியைத் திறந்து காட்டுங்க” என்றார் அங்கு நின்ற இளைஞர். அவர் கையில் இருந்ததும் சாதாரணக் கைப்பேசிதான். அதன் திரையிலும் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. பின்னால் இருந்தவர்கள் நெருக்க, என் தாயார் தடுப்புக் கம்பியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு நின்றார்.

அந்த இளைஞர் மீது எனக்கு வருத்தமில்லை. தமக்குச் சொல்லப்பட்டதை அவர் செய்தார். இணையம் நின்றுபோனால் என்ன செய்வது என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை என்பதே என் வருத்தம்.

டிக்கெட்டில் இருக்கும் கியூஆர் குறியீடு அவ்வளவு எளிதில் கைவிடும் பொருளன்று. 1994ஆம் ஆண்டு ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழுவினர், வாகன உதிரிபாகங்களைக் கணக்கில் வைப்பதற்காக இதை உருவாக்கினார்கள். தொழிற்சாலையில் எண்ணெய்க் கறையும் அழுக்கும் படியும் என்பதை எதிர்பார்த்தே செய்ததால், சிதைவைத் தானே ஈடுசெய்யும் திறனை உச்ச அளவில் வைத்து அமைத்தால், ஏறத்தாழ 30 விழுக்காடு சிதைந்தாலும் அதைப் படித்துவிட முடியும். கசங்கிய காகிதத்திலிருந்தும் கீறல் விழுந்த திரையிலிருந்தும் அது படிக்கப்படுவது இதனால்தான். ஆகவே அன்று வாசலில் முடங்கியது குறியீடு அன்று. “இந்த டிக்கெட் உண்மையானதா, ஏற்கெனவே உள்ளே போய்விட்டதா” என்று எங்கோ இருக்கும் சர்வரைக் கேட்டு விடை பெறும் ஏற்பாடுதான் முடங்கியது.

இதற்கு வழி உண்டு. குறியீட்டுக்குள்ளேயே மின்னணுக் கையொப்பத்தை, அதாவது உங்களைத் தவிர வேறு யாரும் உருவாக்க முடியாத ஒரு முத்திரையை, சேர்த்துவிட்டால், டிக்கெட் உண்மையானதா என்பதை இணையம் இல்லாமலேயே ஸ்கேன் செய்யும் கருவி கண்டுகொள்ளும். ஒரே டிக்கெட்டில் இருவர் நுழைவதைத் தடுக்க, ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் இன்ன வாசல் என்று முன்கூட்டியே ஒதுக்கிவிட வேண்டும்; அப்போது நகல் எடுத்து வருபவரும் அதே வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும் என்பதால், அந்த வாசலில் உள்ள நான்கைந்து கருவிகள் தமக்குள் உள்ளூர் வைஃபையில் பேசிக்கொண்டாலே போதும். கள்ளச்சந்தையைத் தடுக்க மாறிக்கொண்டே இருக்கும் குறியீடு வேண்டும் என்று நீங்கள் கருதுவது எனக்குப் புரிகிறது. ஆனால் அதையும் இணையமின்றிக் கைப்பேசியிலேயே உருவாகும்படி அமைக்க முடியும். கைப்பேசியே அணைந்துபோனவருக்கு, வரிசையிலிருந்து விலகிய ஒரு மேசையும், அச்சிட்ட பெயர்ப் பட்டியலும், அடையாள அட்டையைப் பார்த்து முடிவெடுக்க அதிகாரம் உள்ள ஒருவரும் வேண்டும். இவை பெரிய செலவும் அல்ல.

இதைவிட முக்கியமான ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை ஸ்கேன் செய்யும்போதும் உங்களுக்கு ஓர் எண் கிடைக்கிறது: எந்த வாசலில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் நுழைந்தார்கள் என்பது. விற்ற டிக்கெட்டுகளிலிருந்து அதைக் கழித்தால், இன்னும் எத்தனை பேர் வெளியிலோ வழியிலோ இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். நிகழ்ச்சி தொடங்க அரை மணி நேரமே இருக்கும்போது பாதிப் பேர் உள்ளே வரவில்லை என்றால், இன்னொரு வாசலைத் திறக்க வேண்டும், அல்லது தொடக்கத்தைத் தள்ளிவைத்து அதை ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி விளையாட்டரங்கின் வாசல்களில் நெரிசலில் சிக்கி 11 பேர் உயிரிழந்தார்கள். டிக்கெட் இல்லாமல் திரள்பவர்களைக் குறியீடு எண்ணாது என்பதை அறிவேன். எண்ணக் கூடியவர்களையாவது எண்ணுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வாசலுக்கு வருமுன்பே குறியீடு உதவும் என்பதற்குச் சேப்பாக்கமே சான்று. 2024 ஐபிஎல் போட்டிகளின்போது, போட்டி டிக்கெட்டில் இருந்த குறியீட்டை மெட்ரோ நிலையத்தின் தானியங்கிக் கதவில் காட்டிக் கட்டணமின்றிப் பயணம் செய்ய முடிந்தது. மெட்ரோ எட்டாத திடல்களில் நிகழ்ச்சி நடத்தும் நீங்கள், அதே முறையில் பேருந்துகளை ஏற்பாடு செய்யலாமே.

அடுத்த நிகழ்ச்சிக்கு விற்பனையைத் தொடங்குமுன், எத்தனை வாசல்கள், எந்த டிக்கெட்டுக்கு எந்த வாசல், இணையம் நின்றால் என்ன ஏற்பாடு என்ற மூன்றையும் டிக்கெட் விலைக்குப் பக்கத்திலேயே வெளியிடுங்கள். அதைப் படித்துப் பார்த்த பிறகே என் தாயாருக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் எடுப்பதாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நிகழ்ச்சிகளுக்குத் தொடர்ந்து வரும் ஒரு ரசிகர்